வீட்டுக் கடனும் வயல் காக்கும் கடமையும்

(நமது சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களிற் பிள்ளைகளின் கல்வி, விவாகச் செலவு, உத்தியோகம் முதலியவற்றைக் குறித்து அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுக் கடன். இது சபையிற் பேசத் தக்க பொருள்தானா என்று சிலர் ஐயுறலாம். ஒரு குடும்பத்தார் தம் வாழ்நாளிற் கையொப்பமிடும் கடன்களுள் பெரிதும் நெடியதும் இதுவே. இருபது வருஷம் தொடரும் ஓர் ஒப்பந்தத்தை, கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்க்கும் அளவு சிரத்தையும் இன்றி, பாங்கிக் குமாஸ்தா விரல் வைத்துக் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டு முடித்துவிடுகிறோம். ஆதலால் இது சபையிற் பேசத் தக்கது மாத்திரமன்றி, பேசாது விடத் தகாததுமாம்.

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டிலும் கணக்கு கைமீறும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வீடு கட்டுவது தவறென்று யாம் சொல்ல வரவில்லை. மழைக்கு ஒழுகாத கூரையும், பிள்ளைகள் படிக்க ஓர் அறையும், முதியோர் வழுக்கி விழாத முற்றமும் வேண்டுவனவே. அவற்றுக்குக் கடன் வாங்குவதும் இக்காலத்து இயல்பே. எமது வார்த்தையின் சாரம் இது: வீட்டின் கடனை அந்த வீடும், மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளமுமே சுமக்கட்டும், நமக்குச் சோறிடும் வயலின்மேல் அந்தச் சுமையை ஏற்றலாகாது. இதனை முதலிற் பழைய வரலாற்றைக் கொண்டும், பின்பு இக்காலக் கணக்கைக் கொண்டும், அதன்பின் சட்டத்தைக் கொண்டும் விளக்குவோம்.

முன்னோர் கண்ட அனுபவம்

ஈடு, அடமானம், போக்கியம், ஒற்றி என்னுஞ் சொற்கள் காவிரிக் கரைக்குப் புதியன அல்ல. நிலத்தைக் கடன் கொடுத்தவர் வசம் விட்டு, அதன் விளைவை வட்டிக்காக அவர் அனுபவிக்கச் செய்வது போக்கியம் அல்லது ஒற்றி. நிலத்தைத் தம் வசமே வைத்துக்கொண்டு, பணம் செலுத்தத் தவறினால் அதை விற்று வசூலித்துக் கொள்ளலாம் என்று எழுதிக் கொடுப்பது சாதாரண அடமானம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் தன் 58-வது பிரிவில் இவற்றை வகை பிரித்தது. கடனைத் தீர்த்துச் சொத்தை மீட்டுக்கொள்ளும் உரிமையை 60-வது பிரிவில் உறுதி செய்தது.

கடனால் நலிந்த குடியானவர்களுக்கு நியாயமான வட்டியிற் பணம் கிடைக்க வழி யாது என்று ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் சர் பிரெடெரிக் நிக்கல்ஸன் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை அளித்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வருஷத்திலேயே கும்பகோணம் பாங்கி தோன்றியது. இன்று ஸிட்டி யூனியன் பாங்கி என்று வழங்குவது அதுவே. 1929-ல் நிலத்தின் பேரில் நீண்ட காலக் கடன் கொடுப்பதற்காகச் சென்னையில் மத்திய நில அடமானப் பாங்கி பதிவாயிற்று. இவ்வாறு கடன் கொடுக்கும் வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன.

முதல் மகாயுத்தத்துக்குப் பிற்பட்ட வருஷங்களில் நெல் விலை உயர்ந்து நின்றது. அந்த விலையை நம்பிக் கடன் வாங்கினோர் தஞ்சை ஜில்லாவில் மிகப் பலர். நிலம் வாங்கவும், விவாகம் நடத்தவும், கோர்ட்டில் வியாஜ்யம் நடத்தவும், மாடி வைத்து வீடு கட்டவும் நன்செய் ஈடாயிற்று. 1929-ல் உலகெங்கும் விலைவீழ்ச்சி தொடங்கியது. பர்மா அரிசியும் நம் துறைமுகங்களில் மலிவாக வந்து இறங்கியது. சில வருஷங்களுக்குள் நெல் விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நூறு கலம் நெல் விற்றுத் தீர்த்திருக்கக் கூடிய கடனுக்கு இருநூறு கலம் அளக்க வேண்டிய நிலை வந்தது. வயல் அதே வயல். விளைவும் அதே விளைவு. வருமானம் நெல்லாக வந்தது. கடனோ ரூபாயாக எழுதப்பட்டிருந்தது. கெடுதி முழுவதும் இந்த ஒரு வேற்றுமையிலேயே அடங்கியிருந்தது.

1930-ல் சென்னை மாகாணப் பாங்கி விசாரணைக் குழுவினர் மாகாணத்துக் கிராமக் கடனைச் சுமார் 150 கோடி ரூபாய் என்று மதித்தனர். 1935-ல் சத்தியநாதன் என்னும் அதிகாரி அளித்த அறிக்கையில் அது சுமார் 200 கோடியாக மதிக்கப்பட்டது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை குடியானவர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபர் முதல் தேதிக்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதி வரை சேர்ந்து நின்ற வட்டிப் பாக்கி அச்சட்டத்தால் ஒழிந்தது. முதலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாயிற்று. பலர் பிழைத்தனர், ஆனால் அதற்கு முன்னரே ஏலத்தில் நிலம் போனவர்களுக்கு அச்சட்டம் என்ன செய்யும்?

கடல் கடந்த ஐராவதி நதித் தீரத்திலும் இதே நிகழ்ச்சி வேறொரு வேஷத்தில் நடந்தது. அங்கே கடன் கொடுத்தோர் நம் தமிழ்நாட்டு நகரத்தார்; கடன் பட்டோர் பர்மியக் குடியானவர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம், விலைவீழ்ச்சியால் ஈடுகள் மீட்கப்படாமற் போனமையின், சில வருஷங்களுக்குள் நூற்றுக்கு 25 பங்காயிற்று. கொடுத்தவர்கள் விரும்பியது பணம். கைக்கு வந்தது நிலம். யுத்தமும், 1948-க்குப் பின் வந்த சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்களும் அந்த நிலத்தையும் கொண்டுபோயின. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திக் கட்டிய செட்டிநாட்டு மாளிகைகள் பல இன்று பூட்டிக் கிடப்பதையும், சிலவற்றின் தூண்களும் நிலைகளும் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு நிற்பதையும் போனவர்கள் கண்டிருப்பார்கள். வீட்டைத் தாங்குவது தூண் அன்று. தொடர்ந்து வரும் வருமானமே என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமா?

இக்காலக் கணக்கு

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1977-ல் பம்பாயில் ஹெச். டி. பாரேக் வீட்டுக் கடனுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1988-ல் தேசிய வீட்டுவசதிப் பாங்கி ஏற்பட்டது. இப்போது தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் வீட்டுக் கடன் கொடுக்க அழைக்காத பாங்கி இல்லை. வட்டியும் பழைய லேவாதேவி வட்டியை நோக்கக் குறைவே. இது நன்மைதான்; மறுக்கவில்லை. ஆயினும் கணக்கைச் சற்றுக் கூர்ந்து பார்ப்போம்.

நம்மவரில் ஒருவர் 65 லக்ஷ ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கு ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரிஸர்வ் பாங்கியின் விதிப்படி, கடன் 30 லக்ஷம் வரையானால் வீட்டு மதிப்பில் நூற்றுக்கு 90 பங்கு வரையிலும், அதற்கு மேல் 75 லக்ஷம் வரை 80 பங்கு வரையிலும், அதற்கும் மேற்பட்டால் 75 பங்கு வரையிலுமே பாங்கி கொடுக்கலாம். எஞ்சியதை வீட்டுக்காரர் தம் கையிலிருந்து இட வேண்டும். வீடு விலை உயர உயர, கைப்பணமும் உயர வேண்டும் என்பதே இவ்விதியின் கருத்து. நம் நண்பர் 50 லக்ஷம் கடனாகப் பெறுகிறார். வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு 9; காலம் 20 வருஷம். மாதத் தவணை 44,986 ரூபாய். 240 தவணைகளையுங் கூட்டினால் ஏறக்குறைய 1 கோடியே 8 லக்ஷம். முதல் மாதத் தவணையில் 37,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதலிற் கழிவது 7,486 ரூபாய்தான். ஐந்து வருஷம் ஒரு தவணையும் தவறாமல், ஏறக்குறைய 27 லக்ஷம் செலுத்திய பின்பும், பாக்கி 44 லக்ஷத்து 35 ஆயிரம் நிற்கும். இதை முன்னதாகவே அறிந்து கையெழுத்திடுவோர் எத்தனை பேர்?

வட்டி பெரும்பாலும் மாறும் வட்டியே. அது 9-லிருந்து 10-க்கு ஏறினால், தவணையை உயர்த்தாமற் காலத்தை நீட்டுவது பாங்கிகளின் வழக்கம். அவ்வாறு செய்தால் 240 மாதக் கடன் 314 மாதங்களாக நீளும். 20 வருஷம் 26 வருஷத்துக்கும் மேலாகிவிடும். தவணைத் தொகை மாறாமையால் வீட்டார் இதனை உணர்வதுமில்லை. 2023 ஆகஸ்டு மாதம் ரிஸர்வ் பாங்கி பிறப்பித்த உத்தரவின்படி, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்துகொள்ளக் கடனாளிக்கு இடமுண்டு. நம்மவர் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இனி வயலின் கணக்கைப் பார்ப்போம். ஐந்து ஏக்கர், அதாவது முக்கால் வேலி நன்செய் உடைய குடும்பம் நம் ஊர்களில் வசதியான குடும்பமே. குறுவையும் சம்பாவும் இரண்டும் தவறாமல் விளைந்து, போகத்துக்கு ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டதாகவே கொள்வோம். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டு அரசு சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கொடுத்தது. ஆக மொத்த வரவு 6 லக்ஷத்து 25 ஆயிரம். இதில் விதை, உழவு, நடவு, களை, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போகப் பாதி மிஞ்சினால் அது பாக்கியம். மேற்சொன்ன வீட்டின் தவணையோ வருஷத்துக்கு 5 லக்ஷத்து 39 ஆயிரத்துக்கு மேல். முக்கால் வேலியின் நிகர லாபம் முழுவதையும் கொடுத்தாலும், கெடாத வருஷத்திலேயே அது போதாது.

கெடும் வருஷங்களை நாம் அறியோமா? 1934-ல் மேட்டூர் அணை திறந்த பின், ஜூன் 12 என்பது நம் ஜில்லாக்களில் ஒரு பண்டிகை நாள்போல் எதிர்பார்க்கப்படுவது. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020-ல் மீண்டும் அந்த நாளில் திறந்தது. 2024-ல் ஜூலை 28-ம் தேதிதான் திறந்தது. நீர் வந்தாலும் புயல் வரும். 2018 நவம்பர் 16-ம் நாள் கஜா புயல் வேதாரணியம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. நட்ட தென்னை மீண்டும் பலன் தரப் பல வருஷம் வேண்டும். நீரும் வந்து, புயலும் வராமல், நெல்லும் விளைந்தாலும், கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் நனைந்து ஈரப்பதம் மிஞ்சிய நெல்லைக் காயவைத்துக்கொண்டு காத்திருக்கும் நாட்கள் உண்டு. நெல்லுக்குப் பணம் வருஷத்தில் ஒரு முறையோ இரு முறையோ வரும். பாங்கித் தவணை மாதந்தோறும் குறித்த தேதியில் வரும். ஆடியும் ஐப்பசியும் அதற்கு ஒன்றே.

பாங்கிக்காரர் இதை அறிவர். அதனாலேதான் வீட்டுக் கடனுக்கு மனுச் செய்யும் மிராசுதாரரை நோக்கி, "உத்தியோகம் பார்க்கும் பிள்ளை உண்டா?" என்று கேட்கின்றனர். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன் கூட்டு மனுதாரனாகச் சேர்க்கப்படுகிறான். தகப்பனார் பெயரில் எழும் வீட்டின் கடன், மகனுடைய இருபது வருஷச் சம்பளத்தின்மேல் உட்காருகிறது. மனத்துக்கு ஒவ்வாத உத்தியோகத்தை விடவும், மேற்கொண்டு படிக்கவும், தன் பிள்ளைகளுக்கென்று சேர்க்கவும் அவனுக்கு உள்ள சுதந்திரத்தை அது குறைக்கும். அவனைக் கேட்டுச் செய்தோமா என்பதைப் பெற்றோர் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கடன் ஒரு கூரை

மேற்சொன்ன நண்பருக்குப் பாங்கி 50 லக்ஷம் கொடுத்தது. எஞ்சிய 15 லக்ஷமும், முத்திரைக் கட்டணமும், பதிவுச் செலவும், உள் அலங்காரமும் எங்கிருந்து வரும்? நம்மவரிற் பலர் செய்வது இதுதான். வீட்டுப் பெண்களின் நகைகள் ஒரு பாங்கிக்குப் போகின்றன. பயிருக்கென்று நிலத்தின் பேரில் வாங்கிய கடன், பளிங்குத் தரைக்குப் போகிறது. அதுவும் போதாமற் கைமாற்று. இவ்வாறு ஒரு கூரையின் கீழ் மூன்று கடன்கள் குடியேறுகின்றன. பயிர்க் கடனை வீட்டுக்குச் செலவிடுவது, வாங்கிய காரணத்துக்கு மாறானது. அடுத்த போகத்தின் விதைக்கும் உரத்துக்கும் வேண்டும் பணத்தைச் சுவரிற் பூசிவிடுவதுமாம். நகை என்பது நம் குடும்பங்களிற் கெட்ட வருஷத்துக்கென்று சேமித்த கையிருப்பு. அதை நல்ல வருஷத்திலேயே ஈடு வைத்துவிட்டால், கெட்ட வருஷத்துக்கு என்ன வைப்போம்?

கடன் தள்ளுபடி வரும் என்று நம்புவோர்க்கு ஒரு வார்த்தை. 2006, 2016, 2021 ஆகிய வருஷங்களில் தமிழ்நாட்டு அரசு தள்ளுபடி செய்தவை கூட்டுறவுச் சங்கங்களில் விவசாயிகள் பெற்ற கடன்கள். பாங்கியிற் பெற்ற வீட்டுக் கடனுக்கு அத்தகைய வாயில் இல்லை.

சட்டம் சொல்வது

முற்காலத்தில் அடமானம் பெற்றவர் கோர்ட்டில் தாவா செய்து, டிக்ரி பெற்று, ஏலத்துக்குக் கொண்டுவரப் பல வருஷம் ஆகும். அதற்குள் கடனாளிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். 2002-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று இதை மாற்றியது. ஸர்ஃபேஸி என்று பாங்கிக்காரர் வழங்கும் அச்சட்டத்தின்படி, தவணை 90 நாட்களுக்கு மேல் நின்று கடன் வாராக் கடனாக வகுக்கப்பட்டால், பாங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் தாவா இன்றியே வீட்டைக் கைக்கொண்டு விற்கலாம். ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உதவியையும் பெறலாம். 2016-ல் செய்த திருத்தத்தின்படி, பாக்கியைச் செலுத்தி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரையே நிற்கும். ஆகையால் மூன்று தவணை நிற்பதை அற்பமாக எண்ணலாகாது. கஷ்டம் நேர்ந்தால் முதல் தவணை தவறும் முன்னரே பாங்கி மேலாளரிடம் நேரிற் சென்று, எழுத்து மூலம் நிலைமையைத் தெரிவித்துக் கால நீடிப்புக் கேட்பதே விவேகம். வெட்கத்தால் ஒளிந்துகொள்வதாற் பயன் இல்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று. அதே சட்டத்தின் 31-வது பிரிவு, விவசாய நிலத்தின் பேரிலான ஈட்டை இந்த விரைவான நடவடிக்கையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சட்டமே வயலையும் வீட்டையும் வேறாகப் பார்க்கிறது. இதனால் வயலை எவரும் தொட முடியாது என்று எண்ணிவிடலாகாது. தாவாவும் டிக்ரியும் இன்றும் உண்டு. அந்த வேற்றுமையை நாமே நம் கையெழுத்தால் அழித்துவிடலாமா என்பதே எமது கேள்வி.

கடனாளிக்கு அனுகூலமான விதிகளும் உள. தனி மனிதர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டித் தீர்த்தால் அபராதம் விதிக்கக் கூடாது என்று 2012-ல் ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டது. கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; பாங்கியின் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் வந்த விதி. அசல் பத்திரங்கள் நம் கையில் வந்த பின், வில்லங்கச் சான்றிலும் ஈடு ரத்தான பதிவு ஏறியதா என்று பார்த்தல் வேண்டும்.

பத்திரமும் பங்காளிகளும்

நம் பகுதிக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. திருவாரூர், கும்பகோணம், மயிலாடுதுறை முதலிய ஊர்களில் வீட்டு மனைகள் பல கோயிலுக்கோ மடத்துக்கோ உரிய அடிமனைகள். கட்டடம் நம்முடையது, மனை சுவாமியுடையது. 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, ஆணையர் அனுமதியின்றி அம்மனையை விற்பதும் ஈடு வைப்பதும் செல்லா. அத்தகைய மனையில் எத்தனை பெரிய வீடு எழுப்பினாலும் அது பாங்கிக்கு ஈடாகாது. வயலை மனையாக்கி விற்கும் இடங்களிலும் எச்சரிக்கை வேண்டும். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததையும், 2017-ல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்ததையும் பலர் அறிவர். முன்பணம் கொடுக்கும் முன்னரே பட்டா, மூலப் பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, அங்கீகார உத்தரவு ஆகியவற்றை ஒரு வக்கீல் பார்க்க வேண்டும்.

பிதிரார்ஜித வீட்டை இடித்துக் கட்டுவோர், உடன்பிறந்த பெண்களின் பங்கை மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த திருத்தங்களால் பெண்மக்கள் பிறப்பாலேயே பங்குரிமை உடையவராயினர். 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பாங்கி அவர்கள் கையெழுத்தைக் கேட்கும். அப்போது கலியாண வீட்டில் தாம்பூலத் தட்டோடு விடுதலைப் பத்திரத்தையும் நீட்டிச் சகோதரியிடம் கையெழுத்து வாங்குவது நமக்குப் பெருமை தராது. பங்கை மதித்துக் கொடுத்து, அவர் மனமொப்பி எழுதித் தருவதே முறை. அதற்குப் பணம் இல்லையென்றால், அந்த வீட்டின் அளவைக் குறைத்துக் கொள்ளலாம்.

மற்றொன்றுஞ் சொல்வோம். தகப்பன் கடனை மகன் தீர்ப்பது தர்மம் என்ற பழைய இந்து சட்டக் கொள்கையின்மேல் மகனைத் தொடரும் உரிமையை 2005-ம் வருஷத் திருத்தம் பின்னாளையக் கடன்களுக்கு நீக்கிவிட்டது. ஆயினும் ஈடான வீடு கடனைத் தன்னோடு சுமந்தே நிற்கும். சம்பாதிப்பவர் காலமானால் விதவையும் குழந்தைகளும் அவ்வீட்டில் இருப்பார்களா என்பது, அவர் பேரிற் கடனுக்குச் சமமான ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வாசற்கதவின் சித்திர வேலைப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுப்பது நலம்.

ஆடம்பரத்தின் விலை

இத்தனை பெரிய வீடு எதற்காக என்று விசாரித்தால், பெரும்பாலும் பிறர் பார்வைக்காகவே என்று விடை வரும். பெண் கேட்டு வருவோர் மாடிப்படியை எண்ணுகின்றனர்; மாப்பிள்ளை பார்க்கப் போவோர் வாசலில் எத்தனை வண்டி நிற்கலாம் என்று பார்க்கின்றனர். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அமெரிக்காவிலும் உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளில், முதிய பெற்றோர் ஓர் அறையில் மாத்திரம் விளக்கேற்றி வாழ்வதை நம் கிராமங்களிற் காண்கிறோம். மற்ற அறைகளுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. 2008-ல் அமெரிக்க தேசத்தில், சக்திக்கு மீறி வீட்டுக் கடன் பெற்றோரின் தவணைகள் நின்றமையால் பெரும் பாங்கிகளே வீழ்ந்தன. செல்வத்தில் மிக்க அத்தேசத்துக்கே அதுவானால், பருவமழையையும் மேட்டூர் நீரையும் நோக்கி இருக்கும் நாம் எத்தனை ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும்!

செய்யத்தக்கவை

ஆகவே நம் குடும்பங்கள் சில விரதங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, வீட்டுக் கடனுக்கு அந்த வீட்டையன்றி வயலை ஈடு வைப்பதில்லை. பயிர்க் கடனையும் நகைக் கடனையும் வீட்டிற் போடுவதில்லை.

இரண்டாவது, தவணையை நிலையான மாத வருமானத்தைக் கொண்டே அளப்பது. அவ்வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் தவணை அமைய வேண்டும். நெல் வருமானத்தைக் கணக்கிற் சேர்க்கவே வேண்டாம்.

மூன்றாவது, ஆறு மாதத் தவணைக்குச் சமமான தொகையைத் தனியே வைத்துக்கொண்ட பின்னரே கட்டடத்துக்குக் கால் நாட்டுவது.

நான்காவது, தாங்கக் கூடிய குறுகிய காலத்தைத் தேர்வது. அதே 50 லக்ஷத்தை 15 வருஷத்தில் தீர்த்தால் தவணை 50,713 ரூபாய். மாதம் சுமார் 5,700 கூடும். ஆனால் மொத்தத்தில் 16 லக்ஷத்துக்கு மேல் மிச்சமாகும்.

ஐந்தாவது, வயலை அடிமைப்படுத்தாமல் உதவிக்கு அழைப்பது. தையில் சம்பா அறுத்து, செலவெல்லாம் போக மிஞ்சிய வருஷத்தில், அந்த உபரியை முதலிற் கட்டலாம். 20 வருஷக் கடனில் வருஷந்தோறும் 1 லக்ஷம் கூடுதலாகக் கட்டி வந்தால், கடன் 14 வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். விளையாத வருஷத்தில் கட்டாமல் விட்டால் எவரும் கேட்கமாட்டார். ஈடு வைத்த வயல் விளையாத வருஷத்திலும் பதில் சொல்ல வேண்டும். ஈடு வைக்காத வயல் விளைந்த வருஷத்தில் மாத்திரம் உதவும். இரண்டுக்கும் உள்ள தாரதம்மியம் இதுவே.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். நம்மில் வக்கீல்கள், பாங்கியிற் பணிபுரிந்து ஓய்வு பெற்றோர், கட்டட எஞ்ஜினீயர்கள் இருக்கின்றனர். அவர்களிற் சிலரைக் கொண்ட ஒரு சிறு குழுவைச் சங்கம் நியமிக்கலாம். வீட்டுக் கடன் பெற விரும்பும் அங்கத்தினர் மாதத்தில் ஒரு நாள் தம் பத்திரங்களையும் கணக்கையும் அங்கே கொண்டுவந்து காட்டி யோசனை பெறலாம். இதற்குப் பெருஞ் செலவு இல்லை. சிறிது நேரமும் நல்லெண்ணமுமே வேண்டும். வீட்டின் உயரத்தைக் கொண்டு சம்பந்தம் பேசுவதில்லை என்று நம் குடும்பங்கள் தீர்மானித்தால், அதனினும் பெரிய உபகாரம் வேறில்லை.

சகோதர சகோதரிகளே! காவிரி கொணர்ந்த வண்டல் பல நூற்றாண்டுகளாகப் படிந்து நம் வயலாயிற்று. அதனை நாம் செய்யவில்லை. நம்மிடம் அது ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வீட்டை ஒரு தலைமுறை கட்டும். அடுத்த தலைமுறை இடித்துத் தன் மனம்போற் கட்டும். கை விட்டுப்போன வயலை அவ்வாறு மீண்டும் கட்ட இயலாது. நம் பிள்ளைகள் சிறியதோர் வீட்டிற் கடனின்றித் துயிலட்டும். தை பிறந்தால் தம் சொந்த வயலின் புது நெல்லைப் பொங்கலிடட்டும். நம் குலமும் ஊரும் நாடும் செழிக்க இறைவன் அருள்வானாக.